லாரி ஸ்பிரிங்கில் அடித்த மண்டாவ் போலியா?

போர்னியோவின் தயாக் மக்களுடைய வாள், மண்டாவ். அலகின் ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், மறுபக்கம் புடைத்திருக்கும். பிடிக்கு மான்கொம்பு அல்லது மரம். மர உறையைப் பிரம்பால் இறுக்கிக் கட்டுவார்கள்.

ஒரு காலத்தில் இரும்பும் சொந்தத் தயாரிப்புதான். மத்திய கலிமந்தானில் 'மந்திகேய்' எனும் இரும்புக்கல்லுக்கு இன்றும் தனி மவுசு. மலிவான இறக்குமதி இரும்பு வந்ததும் தாது உருக்கும் உலைகள் அணைந்தன. இப்போது கொல்லர்கள் பலர் அடிப்பது பழைய லாரியின் லீஃப் ஸ்பிரிங்கை.

'அப்போ இது ஒரிஜினல் இல்லையே?' என்று கேட்பது நியாயமில்லை. ஸ்பிரிங் எஃகைப் பதமாகக் காய்ச்சி அடித்தால் கூர் நன்றாகவே நிற்கும். தோட்டத்தில் புதர் வெட்டுபவருக்கு வேறென்ன வேணும்? நினைவுப்பொருள் கடைகளில் தொங்கும் மெல்லிய தகட்டு மண்டாவுக்கோ உலையே தேவையில்லை. கொல்லரின் பிழைப்பைக் கெடுப்பது அதுதான், லாரி ஸ்பிரிங் இல்லை.