மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் வருமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச மேட்டர். கொஞ்சம் டெக்னிக்கல்தான், ஆனா பயப்படாதீங்க மக்களே, சமன்பாடு ஒண்ணுகூடக் கிடையாது :-)

ஒரு ஃபில்டர் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு விடும், எவ்வளவு தள்ளிப்போடும்னு நெட்வொர்க் அனலைசர் அளந்து கொடுத்துடும். நமக்கு வேண்டியது வேற. ஒரு பல்ஸ் உள்ளே போனா வெளியே எப்படி வரும்? பெரும்பாலானவங்க அந்த டேட்டாவை அப்படியே தலைகீழ் ஃபூரியர் உருமாற்றத்துல போட்டு, கிடைச்சதை சிக்னலோட கன்வல்யூஷன் பண்ணிடறாங்க. அழகான கோடு வரும், ரிப்போர்ட்ல ஒட்டியாச்சு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் போர்டு செய்யலாமா வேண்டாமான்னு முடிவாகுது. கண்ணை மூடிக்கிட்டு அதை நம்பக்கூடாதுங்கறது என் கட்சி.

உதாரணத்துக்கு, 10 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 10 கிகாஹெர்ட்ஸ் வரை, 10 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில 1000 புள்ளி இருக்குன்னு வைங்க.

ஒண்ணு: இடைவெளி 10 மெகாஹெர்ட்ஸ்னா நமக்குக் கிடைக்கிற நேரம் மொத்தமே 100 நானோசெகண்ட். 5 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் உள்ள ஒரு ரெசனேட்டர் 100 நானோசெகண்டுக்கு அப்புறமும் 21 சதவீத வீச்சோட ஆடிக்கிட்டு இருக்கும். அந்த மிச்சம் சுத்தி வந்து ஆரம்பத்துல ஏறி உட்கார்ந்துக்கும்.

ரெண்டு: 10 கிகாஹெர்ட்ஸ்ல டேட்டா சடார்னு முடியுது. அதனால பல்ஸ் வர்றதுக்கு முன்னாடியே அலை ஆடும். கோயில் மணியை அடிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் கேட்ட மாதிரி! விண்டோ போட்டா போதுமேன்னு சிலர் சொல்வாங்க. அலை குறையும், வாஸ்தவம். ஆனா பல்ஸோட விளிம்பும் மழுங்கும், 'முன்னாடி' வர்றதும் முழுசாப் போகாது.

மூணு: டிசி புள்ளியே இல்ல. லோ-பாஸ் ஃபில்டருக்கு ஸ்டெப் கொடுத்தா கடைசியில எந்த அளவுல போய் நிக்கும்னு சொல்றதே அந்தப் புள்ளிதான்.

அப்போ என்ன பண்றது? 1999-ல குஸ்தாவ்சனும் செம்லினும் வெக்டர் ஃபிட்டிங்னு ஒரு முறையை வெளியிட்டாங்க. அளந்த டேட்டாவுக்குப் பொருந்தற மாதிரி சில துருவங்களைக் கண்டுபிடிக்கும். நிலையான துருவம் ஒவ்வொண்ணும் நேரத்துல தேய்ஞ்சுபோற ஒரு ஆட்டம். அடிச்சப்புறம்தான் ஆடும், முன்னாடி ஆடாது. கணக்கும் வேகமா ஓடும். ஆனா அதோட விட்டுடக் கூடாது. பேசிவிட்டியும் பார்க்கணும். வாங்கின சக்தியைவிட அதிகமாத் திருப்பிக் கொடுக்கற மாடலை வேற சர்க்யூட்டோட இணைச்சா சிமுலேஷன் வெடிச்சாலும் வெடிக்கும். நீளமான கேபிள்னா தாமதத்தை முதல்ல தனியாப் பிரிச்சு வெச்சுக்கிட்டாத்தான் குறைஞ்ச துருவத்துல வேலை முடியும்.

தலைகீழ் உருமாற்றமே வேண்டாம்னு சொல்லல. ஆட்டம் சீக்கிரம் அடங்கி, டேட்டாவும் வேண்டிய உயரம் வரை இருந்தா தாராளமாப் பண்ணலாம். ஒரே ஒரு சோதனை: அந்த 100 நானோசெகண்டோட கடைசிப் பகுதியைப் பெருசாக்கிப் பாருங்க. அங்கே எதாவது ஆடிக்கிட்டு இருந்தா, ஒண்ணு ஆட்டம் அடங்கல, இல்லேன்னா பூஜ்ய நேரத்துக்கு முந்தினது அங்கே வந்து ஒளிஞ்சிருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் ரிப்போர்ட்ல ஒட்டாதீங்க.

ரெண்டு நிமிஷ வேலை சாமி. என்ன சொல்றீங்க?