ஒரு பொம்மைக் கப்பலும் சில பழைய படங்களும்

ஓய்வுபெற்ற பத்திரிகை நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் சலித்துக்கொண்டார். "ஏறத்தாழ அறுபது வருடத்துக்கு முந்தின ஒரு தொலைக்காட்சித் தொடர். அதிலே வந்த கப்பலும் பொய், கதையும் பொய். அதில் ஒரு படத்தைக் கண்டெடுத்துவிட்டு, இது 1966 ஆ 1967 ஆ என்று வளர்ந்த மனிதர்கள் நாள்கணக்கில் வாதாடுகிறார்கள். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா ஐசே?"

அவர் குறிப்பிட்டது 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ரசிகர்களை. அரிதான படப்பிடிப்புத் தளப் படங்களைத் தேடியெடுத்து, ஒருவருக்கொருவர் பகிர்ந்து, அவற்றைப் பற்றி ஓயாது விவாதிப்பவர்கள் அவர்கள். நான் அத்தொடரின் ரசிகன் அல்லன். பார்த்த சில அத்தியாயங்களிலும் பாறைகள் காகிதக் கூழினால் செய்யப்பட்டவை என்பதே என் கண்ணில் முதலிற் பட்டது. ஆயினும் நண்பரின் சலிப்போடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒரு படம் எப்போது, எங்கே, எவரால் எடுக்கப்பட்டது என்று கேட்பது வேலையற்றவர்களின் கேள்வியென்றால், நானும் அவரும் முப்பது வருடங்களாக ஆசிரியபீடத்தில் செய்தது என்ன?

தொடரின் முதல் அத்தியாயம் அமெரிக்காவில் 1966 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஒளிபரப்பாகியது. மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள். 1969 ஜூன் 3 ஆம் திகதியோடு முடிந்தது. தொடர் முடிந்ததும் அரங்குகளைப் பிரித்தார்கள். உடைகளும் பொருட்களும் சிதறின. வாராவாரம் ஓடி மறைகின்ற ஒரு நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட பொருளைப் பாதுகாக்கவேண்டும் என்று அக்காலத்தில் எவர் நினைத்திருப்பார்? பழைய பத்திரிகையைப் போலத்தான் அதுவும்.

அவ்வாறு தப்பிய பொருட்களுள் பெரியது 'என்டர்பிரைஸ்' என்ற விண்கப்பலின் மாதிரி. 1964 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்ட இது பதினொரு அடி நீளமும் ஏறத்தாழ 200 இறாத்தல் எடையும் கொண்டது. பெரும்பகுதி மரம், சில இடங்களில் பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும். இதன் வலப்பக்கம் மட்டுமே முழுமையாக அலங்கரிக்கப்பட்டது. பின்னர் உள்ளே விளக்குகள் பொருத்தப்பட்டபோது அவற்றுக்கான மின்கம்பிகள் இடப்பக்கத்தால் வெளியே வந்தன. கமெரா அந்தப் பக்கம் போவதில்லை என்பதால் எவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பரமவுண்ட் நிறுவனம் 1974 இல் இதனை வோஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் வான், விண்வெளி நூதனசாலைக்கு அன்பளிப்புச் செய்தது. அப்போதே சில பாகங்கள் காணாமற்போயிருந்தன.

அதன்பின் இக்கப்பல் பலமுறை திருத்தப்பட்டது. 1991 இல் நடந்த திருத்தத்தின்போது பெரும்பகுதிக்குப் புதிதாக வர்ணம் பூசினார்கள். அந்த வர்ணம் ரசிகர்களிடையே பெரும் சர்ச்சையாயிற்று. மேற்பரப்பிலே தகடுகளின் எல்லைக் கோடுகள் போலப் போடப்பட்டவை அளவுக்கு மிஞ்சியவை, தொலைக்காட்சியிற் கண்ட கப்பல் இதுவன்று என்றார்கள். என் நண்பர் அன்று வோஷிங்டனில் இருந்திருந்தால் அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். கப்பலின் வட்டமான முன்பகுதியின் மேற்புறத்தில் மாத்திரம் 1960களின் மூல வர்ணம் கைபடாமல் விடப்பட்டிருந்தது. பின்னர் 2000 ஆம் ஆண்டு தொடக்கம் 2014 வரை நூதனசாலையின் நினைவுப்பொருட் கடையிலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது.

2014 இல் அதனை இறக்கி, முறையாகப் பேணிப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார்கள். நான் மிகவும் மதிக்கின்ற முடிவொன்று அங்கே எடுக்கப்பட்டது. கப்பலை 'அழகாக' ஆக்குவதில்லை. 1967 ஒகஸ்ட் மாதத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது. ஏன் அந்த மாதம்? தொடருக்காக அம்மாதிரியில் கடைசியாக மாற்றம் செய்யப்பட்டது அப்போதுதான்.

முடிவெடுப்பது இலகு. 1967 ஒகஸ்டில் எந்தச் சாளரம் எங்கே இருந்தது, எழுத்துகள் எவ்வளவு தடிப்பாக இருந்தன என்பதற்குச் சாட்சி வேண்டுமே. ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள், வர்ணப் படைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார்கள். அதுவும் போதாமல் 2015 இல் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். 1976 க்கு முன்னர் இந்த மாதிரியை நேரில் படம்பிடித்தவர்கள் எவராவது இருந்தால் அப்படங்களைத் தந்துதவுங்கள் என்பதே அது.

உலகின் மிகப் பெரிய நூதனசாலைக் கூட்டமைப்பொன்று, வீட்டு அல்பங்களைத் திறந்து பார்க்கும்படி ரசிகர்களைக் கேட்டது. 1972 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் நகரிலுள்ள கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் விண்வெளி வாரக் கண்காட்சியொன்று நடைபெற்றது. அங்கே இக்கப்பலும் வைக்கப்பட்டிருந்தது. பார்க்கப் போனவர்கள் எடுத்த சாதாரணப் படங்கள், நூதனசாலையின் கைக்குப் போகுமுன் கப்பல் இருந்த நிலைக்கு நேரடிச் சாட்சியாகின. எடுத்தவர்களுக்கு அன்று அது ஓர் உல்லாசப் பயணத்தின் நினைவு மட்டுமே. புதுப்பிக்கப்பட்ட கப்பல் 2016 இல் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ரசிகர்கள் பகிரும் படங்களில் இன்னொரு வகை உண்டு. தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, 'லிங்கன் என்டர்பிரைசஸ்' என்ற தபால்வழி விற்பனை நிலையத்தின் மூலம், படத்தொகுப்பில் வெட்டி ஒதுக்கப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிம் துண்டுகளைப் பொதிகளாகக் கட்டி ரசிகர்களுக்கு விற்றார். குப்பைக்குப் போகவேண்டிய பிலிம் காசாகியது. அதைப் பற்றி என்ன சொன்னாலும், அந்த வியாபாரத்தினாலேயே அவை ஆயிரக்கணக்கான வீட்டு இழுப்பறைகளில் உயிர் தப்பின. ஒளிபரப்பாகாத காட்சிகள், நடிகர் சிரித்துவிட்டதால் வீணான எடுப்புகள், கிளாப் பலகை பிடிக்கும் கணம் எல்லாம் அவற்றில் உண்டு. அந்தப் பலகையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தொழில்முறை மகிழ்ச்சி. காட்சி எண், எடுப்பு எண், எல்லாம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. படவிளக்கம் தேடி எவரும் அலையவேண்டியதில்லை.

அக்காலத்து வர்ணப் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். ஆகவே இத்துண்டுகள் பல இன்று செம்பருத்திச் சாறு ஊற்றியது போலச் சிவந்து கிடக்கின்றன. அவற்றை வருடி, நிறத்தை இயன்றவரை மீட்டுப் பகிர்கிறார்கள். பின்னர்தான் விவாதம் தொடங்குகிறது. மேற்சட்டை வெலூர் துணியா, நைலோனா? நைலோன் என்றால் மூன்றாம் பருவம். வெலூர் சலவையில் சுருங்கியதால் துணியை மாற்றினார்கள். உஹுரா பொன்னிற உடையில் நிற்கிறாரா? அப்படியானால் முதற்பருவத்தின் மிக ஆரம்ப நாட்கள், பின்னர் அவருக்குச் சிவப்பு. இரண்டாம் பருவத்தில் வந்துசேர்ந்த செக்கொவ் தலையில் இருப்பது சொந்த மயிரா, பொய்மயிரா? நடிகர் வோல்டர் கோனிக் தொடக்க அத்தியாயங்களில் பொய்மயிர் வைத்துத்தான் நடித்தார். கப்பலின் இயந்திர உருளைகளின் முனையில் கூரான முள் தெரிந்தால் அது முன்னோட்ட அத்தியாயங்களின் காலம். இதைப் பைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தொல்லியலாளர் மட்பாண்டத்தின் விளிம்பைப் பார்த்துக் காலம் சொல்வதற்கும் இதற்கும் முறையில் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு சொந்தக் கதை. நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், அரசியல்வாதி ஒருவரின் படம் நெகட்டிவ் புரண்டு, இடம் வலமாக அச்சாகிவிட்டது. சட்டைப் பை வலப்பக்கம் வந்திருந்தது. மணிக்கூடும் கை மாறியிருந்தது. ஆசிரியபீடத்தில் எவருக்கும் தெரியவில்லை. காலையில் தேநீர்க் கடைக்காரர்தான் சொன்னார். 'என்டர்பிரைஸ்' படங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. கப்பலின் மறுபக்கத்தைக் காட்டவேண்டி வந்தபோது, எழுத்துகளை இடவலம் மாற்றி ஒட்டிப் படம்பிடித்து, பின்னர் பிலிமைத் திருப்பினார்கள். புரண்ட படம் எது, புரட்டுவதற்காகவே எடுத்த படம் எது என்று பிரித்தறிய அந்தத் தேநீர்க் கடைக்காரரின் கண் வேண்டும். இந்த ரசிகர்களுக்கு அது இருக்கிறது.

அந்தக் கண்ணுக்கு 2023 இல் ஒரு வெற்றி கிடைத்தது. பெரிய கப்பலுக்கு முன்னோடியாக, ஏறத்தாழ மூன்றடி நீளத்தில் செய்யப்பட்ட சிறிய மாதிரியொன்று ரொடன்பெரியின் மேசையில் இருந்துவந்தது. 1970களின் இறுதியில், முதலாவது திரைப்படத்தின் தயாரிப்புக்காக இரவல் கொடுக்கப்பட்டது திரும்பி வரவில்லை. நாற்பது வருடங்களுக்கும் மேலாக அது எங்கே என்று தெரியாது. அந்த வருடத்தின் பிற்பகுதியில் ஈபே தளத்தில் 1,000 டொலர் ஆரம்ப விலையோடு ஒரு பழைய மாதிரி விற்பனைக்கு வந்தது. படத்தைக் கண்ட ரசிகர்கள் இது அதுதான் என்று கூவினார்கள். விற்பனை நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் பழைய படங்களோடு ஒப்பிட்டு, மரத்தின் இழையோட்டம்கூடப் பொருந்துவதைக் கண்டார்கள். 2024 ஏப்ரலில் அது ரொடன்பெரியின் மகனிடம் சேர்ந்தது. பழைய படங்கள் இல்லாமற் போயிருந்தால் அது கைவினைஞர் ஒருவர் வீட்டிலிருந்து செய்த பொம்மைகளுள் ஒன்றாகவே விலைபோயிருக்கும்.

இவர்களை முற்றாகப் பாராட்டிவிடவும் மனமில்லை. படத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்று சொல்லாமல், அதன் குறுக்கே தமது பெயரை எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். படம் எடுத்தவரின் பெயர் முதற் பகிர்விலேயே உதிர்ந்துவிடுகிறது. இன்னும் சிலர் அரிய படத்தைப் பூட்டிவைத்து, ஒரு மூலையை மட்டும் காட்டி மற்றவர்களை ஏங்கவைக்கிறார்கள். செய்தியைப் பதுக்குகின்ற நிருபரைப் போன்றவர்கள் அவர்கள்.

இவற்றைவிட என்னை அச்சுறுத்துவது வேறு. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்தால், அது பளிச்சென்ற படமொன்றைத் திருப்பித் தருகிறது. படத்தில் இல்லாததை அது ஊகித்து வரைகிறது. நிழலாகத் தெரிந்த இடத்தில் ஒரு பொத்தான் முளைக்கிறது. எழுத்தென்று சொல்ல முடியாத கீறல் ஓர் எழுத்தாகிறது. பார்ப்பவர்கள் "எவ்வளவு தெளிவு!" என்று வியக்கிறார்கள். மூலப்படமோ தேடுவாரற்றுப் பின்தங்குகிறது. 2015 இல் நூதனசாலை படங்களைக் கேட்டபோது இத்தகைய 'தெளிவான' படங்கள் அதன் மேசைக்கு வந்து குவிந்திருந்தால், அந்தக் கப்பலில் எந்தச் சாளரம் எங்கே பூசப்பட்டிருக்கும்? செம்மஞ்சளாகச் சிவந்து, கீறல் விழுந்து, தூசு படிந்த அந்த 35 மில்லிமீற்றர் துண்டு எனக்குப் போதும். அது பொய் சொல்லாது.

உரிமை பற்றியும் ஒரு சொல். சட்டப்படி இப்படங்கள் பல ஒரு நிறுவனத்தின் சொத்து. அதை மறுக்கவில்லை. ஆனால் உரிமை வைத்திருந்தவர் வெட்டி எறிந்ததை அடுத்தவர் ஐம்பது வருடம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார் என்றால், அவருக்கும் அதில் ஏதோ ஒரு பாத்தியதை உண்டு என்றே நான் கருதுகிறேன். ரொடன்பெரி குடும்பத்தின் வசமிருந்த பிலிம் சுருள்களிலிருந்து தேர்ந்த பகுதிகளை 2016 டிசம்பரில் புளூரே தட்டுகளாக வெளியிட்டார்கள். அத்தனை காலத்துக்குப் பின்னும் வாங்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள் என்றால், காத்திருக்க வைத்தவை அந்த இழுப்பறைத் துண்டுகள்தாம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கல்லூரிக் கண்காட்சிப் படங்கள், அவற்றை எடுத்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தார்களாமா?" என்று கேட்டார்.

"நீர்தானே வேலையற்றவர்கள் என்றீர்" என்றேன்.

"அது வேறு. பெயர் போடவேண்டும் ஐசே" என்றார்.