சம்பளம் பெஸோவில், வீடு டாலரிலா?

2025 ஏப்ரலில் அர்ஜென்டினா சர்க்கார், தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. சர்வதேச நிதி நிறுவனத்திடம் 2,000 கோடி டாலர் புதுக்கடன் பெற்ற கையோடு இந்த அறிவிப்பு வந்தது. செலாவணிக் கட்டுப்பாடு ஒழிந்தால் சகலமும் சீராகும் என்போர் உண்டு. கட்டுப்பாடு இருந்தாலே ஏழைக்குப் பாதுகாப்பு என்போரும் உண்டு. இரண்டு வாதங்களையும் அந்நாட்டின் வீட்டு மார்க்கெட்டில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

தலைநகர் பியூனஸ் அயர்ஸில் ஒரு வீட்டின் விலை டாலரில்தான் சொல்லப்படுகிறது. டாலர் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுத்து வீடு வாங்குவது அங்கே சர்வசாதாரணம். ஆனால் ரயில்வே தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியைக்கும் சம்பளம் பெஸோவில்!

இந்த விபரீதம் எப்படி வந்தது? ஒரு பெஸோ ஒரு டாலருக்குச் சமம் என்று 1991-ல் சட்டம் போட்டார்கள். 2001 டிசம்பரில் அந்த மாளிகை சரிந்தது. வாரத்துக்கு 250 பெஸோவுக்கு மேல் எடுக்க முடியாதபடி பாங்குகள் முடக்கப்பட்டன. 2002-ல், பாங்கில் டாலராகப் போட்டிருந்த சேமிப்பை, டாலருக்கு 1.40 பெஸோ வீதம் மாற்றினார்கள். சில மாதங்களிலேயே மார்க்கெட்டில் டாலர் மூன்று பெஸோவைத் தாண்டியது! முன்னதாகவே பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தியவர்கள் தப்பினார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்தவன் பறிகொடுத்தான். பாங்கை நம்பாதே, செங்கல்லில் பணத்தைப் போடு என்ற எண்ணம் மக்கள் மனதில் வேரூன்றியதில் வியப்பென்ன?

2011-ல் கட்டுப்பாடு வந்தது. 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் திரும்ப வந்தது; அடுத்த மாதமே, ஒருவர் மாதம் 200 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று இறுக்கப்பட்டது. மாதம் தவறாமல் அந்த 200 டாலரை வாங்கிச் சேர்த்தாலும், 60,000 டாலர் வீட்டுக்கு 25 வருஷம் ஆகும். மிச்சத்துக்கு ஃப்ளோரிடா வீதியின் கள்ள மார்க்கெட்தான் கதி. அங்கோ விலை வேறு!

பெரும்புள்ளிகளை இந்தக் கட்டுப்பாடு கட்டியதா? வெளிநாட்டுக் கணக்கில் டாலர் வைத்திருந்தவனுக்கு உள்நாட்டு உச்சவரம்பால் என்ன நஷ்டம்? 2013-ல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மறைத்து வைத்த டாலரை வெளியே கொண்டுவருவோருக்கு வரிமன்னிப்பு அளித்து, கட்டடம் வாங்கப் பயன்படும் பத்திரத்தையும் சர்க்காரே கையில் கொடுத்தது. உழைத்துச் சேர்த்தவனுக்குத் தடை. ஒளித்து வைத்தவனுக்குச் சலுகை!

கட்டுப்பாட்டை நீக்கியபோது மட்டும் விடிந்ததா? 2016-ல் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வீட்டுக்கடனைக் கொண்டு வந்தார்கள். 2018-ல் பெஸோ சரிந்தது. தவணை கட்டக் கட்ட அசல் வீங்கியது. சர்வதேச நிதி நிறுவனம் அந்த வருஷம் 5,700 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டும் டாலர் ஓட்டம் நிற்கவில்லை. 2023-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் 211 சதவீதம் ஏறியது. அந்த டிசம்பரில் வாடகைச் சட்டமும் ரத்தாயிற்று. வாடகையையே டாலரில் பேசிக்கொள்ள வழி திறக்கப்பட்டது.

செலாவணிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டாலர் வெளியே ஓடும் நாட்டுக்கு அது அவசியமான கருவி. ஆனால் தானிய ஏற்றுமதிப் பெருவியாபாரிகளின் டாலர் வரவையும், பாங்குகளையும், நகர்ப்புற மனையையும் தொடாமல் விட்டுவிட்டு, சம்பளக்காரனின் 200 டாலரை மட்டும் எண்ணிப் பார்ப்பது கட்டுப்பாடல்ல, கண்துடைப்பு. வீட்டுவிலை நாட்டு நாணயத்தில் இருக்க வேண்டும். கடன் தவணை சம்பளத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். சர்க்கார் வீடு கட்டித் தர வேண்டும். இவை இல்லாத வரை, பூட்டு போட்டாலும் திறந்தாலும் சாவி பணக்காரன் பையில்தான்.

வீடு குடியிருப்பதற்கு; டாலரைப் பதுக்கும் பெட்டகமாக அதை விட்டுவைக்கலாகாது!