மாலை வேண்டாம், கணக்கு வேண்டும்!

திருவனந்தபுரம் மாநகராட்சியில் கொடி மாறியிருக்கிறது. 2025 டிசம்பர் 9-ந் தேதி வாக்குப்பதிவு நடந்தது. 13-ந் தேதி எண்ணி முடித்தபோது 101 வார்டுகளில் 50 பாரதீய ஜனதா அணிக்குப் போயிற்று. இடது ஜனநாயக முன்னணிக்கு 29, ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 19, சுயேச்சைகளுக்கு 2. வேட்பாளர் ஒருவர் இறந்துபோனதால் விழிஞ்ஞம் வார்டில் மட்டும் தேர்தல் தள்ளிப்போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடதுசாரிகள் கையிலிருந்த சபை இப்படிக் கைமாறியது. டிசம்பர் 26-ந் தேதி வி.வி. ராஜேஷ் மேயரானார். இனி ஐந்து வருடம் இந்தச் சபைதான்.

புதிய சபை வந்ததும் இலக்குகள் வரும். தூய நகரம், அழகு நகரம், வளர்ந்த நகரம் என்று பெயர்கள் வரும். நம்மவரில் சில பெரிய மனிதர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கொடி ஏறினாலும் ரோஜா மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு மண்டபம் கேட்பார்கள், ஒரு சிலை கேட்பார்கள். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை வாழ்ந்து மறைந்த நகரம் இது என்று பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமை நமக்கும் உண்டு. ஆனால் பெருமையைக் கரைத்துக் குடித்தால் தாகம் தீருமா? பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று வாழ்கிற சந்துக்குச் சிலை என்ன செய்யும்?

எனவே தோழர்களே, தாய்மார்களே, மாலை போடுவதற்கு முன் சபை சொல்லும் ஒவ்வொரு இலக்கையும் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். எவ்வளவு பணம்? எந்தத் தேதிக்குள்? எந்த அதிகாரி பொறுப்பு? யாருக்கு? இந்த நாலுக்கும் பதில் இல்லாத இலக்கு ஏட்டுச் சுரைக்காய். அதிலும் நாலாவது கேள்விதான் நம் தலையெழுத்து. ஏனென்றால் எந்தச் சபையும் தன் ஏட்டில் இருப்பவனுக்குத்தான் செலவு செய்யும். ஏட்டில் இல்லாதவன் தெருவில் இருந்தும் இல்லாதவனே.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இலங்கையின் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம் இனத்தாரைப் பாருங்கள். அவர்கள் வாக்களித்தார்கள், உறுப்பினரையும் அனுப்பினார்கள். ஆனால் 1987-ல் அங்கே வந்த பிரதேச சபைச் சட்டம், தோட்டத்து எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் கம்பெனியின் சொத்து, அதற்குள் ரோடு போடுவது சபையின் வேலை அல்ல என்பது நியாயம். பிரதான ரோட்டுக்கு விளக்கு வந்தது. லயத்துக்குப் போகும் பாதை இருட்டாகவே கிடந்தது. இந்தத் தடையை நீக்கிச் சட்டத்தைத் திருத்த 2018 ஆயிற்று. முப்பத்தொரு வருடம்! வாக்கு இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாக்கும் இல்லாமல், ஏட்டிலும் இல்லாமல் இங்கே வாழ்கிற நமக்கு யார் செய்வார்கள்?

நம் நகரத்திலேயே பாடம் இருக்கிறது. 2000-ல் விளப்பில்சாலை கிராமத்தில் குப்பை ஆலை திறந்தார்கள். நகரம் தூய்மையாக வேண்டும் என்பது இலக்கு. நகரத்துக் குப்பை லாரி லாரியாகக் கிராமத்துக்குப் போயிற்று. அந்த மக்கள் நாற்றத்தைச் சகித்தார்கள், கெட்ட தண்ணீரைச் சகித்தார்கள், பிறகு போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. தூய நகரம் என்று ஒரு சபை சொன்னால், அந்தத் தூய்மையின் அழுக்கை யார் தலையில் இறக்கப் போகிறாய் என்று கேட்க வேண்டும் என்பதை விளப்பில்சாலை மக்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்னொரு பாடம் தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியிலேயே கிடக்கிறது. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்து, தம்பானூர் வெள்ளத்தைத் தீர்க்க ஓடைகளைத் திறந்தார்கள். அதுவும் ஓர் இலக்குத்தான். ஒன்பது வருடம் கழித்து, 2024 ஜூலை 13-ந் தேதி, ஆமையிழஞ்சான் ஓடையில் தண்டவாளங்களுக்கு அடியில் போகும் சுரங்கப் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தற்காலிகத் தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். 46 மணி நேரம் தேடினார்கள். 15-ந் தேதி காலையில் உடல்தான் கிடைத்தது. உடல் கிடைப்பதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. இந்தக் குப்பை மாநகராட்சியின் குப்பை என்றது ரயில்வே. இந்த இடம் ரயில்வேயின் இடம் என்றது மாநகராட்சி. நான் ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன். அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியாது. குப்பைக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள், செத்தவனுக்கு ஒருவரும் இல்லை! அவர் மலையாளி. ஆனால் இந்த நகரத்தில் ஓடையிலும் குழியிலும் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் நம் தெருக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாவுக்குப் பாஷை கிடையாது.

சரி, இலக்கை யார் தீர்மானிக்கிறார்கள்? மேயர் ஒருவரா? இல்லை. 1993 ஜூன் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டுக் கமிட்டிகள் இருக்க வேண்டும் என்றது. கேரளத்தில் 1994-ன் நகராட்சிச் சட்டமும் அதற்கு வழி செய்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர்ச் சபைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அன்று முதல் வார்டில் கேட்டு, பணிக்குழுவில் எழுதி, வளர்ச்சிக் கருத்தரங்கில் விவாதித்து, மாவட்டத் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்த பிறகே திட்டம் நிறைவேறுகிறது. இப்போது நடப்பது 2022 முதல் 2027 வரையிலான 14-வது திட்டம். அதன் கடைசி வருடத்தை முடிப்பதும், அடுத்த ஐந்தாண்டுக்கு எழுதுவதும் இந்தப் புதிய சபையின் வேலை. அந்த ஏட்டில் நம் சந்தின் பெயர் ஏறாவிட்டால் பிறகு அழுது பயனில்லை.

வார்டுக் கூட்டத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர்களின் ரெஸிடென்ஸ் அஸோஸியேஷன் வருகிறது. கட்சிக்காரர்கள் வருகிறார்கள். வாடகைக்கு இருப்பவனுக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. தெரிந்தாலும், அன்றைக்குப் போனால் கூலி போகும் என்ற பயம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழுவதற்கும் அரை நாள் லீவு வேண்டியிருக்கிறது.

ஆகவே புதிய சபையின் முன் நம் ஐந்து இலக்குகளை வைக்கிறோம். இவை ஐந்தும் மாநகராட்சியின் கைக்கு எட்டியவை.

முதலாவது, கணக்கெடுப்பு. கரிமடம், சாலை, மணக்காடு, வள்ளக்கடவு என்று வார்டு வார்டாக, வாடகைக் குடிகளையும் லைன் வீடுகளையும் எண்ணுங்கள். எத்தனை தலை, எத்தனை குழாய், எத்தனை கக்கூஸ் என்று எழுதுங்கள். ஆறு மாதம் போதும். எண்ணாமல் போடும் எந்தத் திட்டமும் குருடன் எறிந்த கல்.

இரண்டாவது, கழிவுநீர். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடைக் குழாய் நகரின் ஒரு பகுதிக்குத்தான் போகிறது. குழாய் போகாத சந்துகளுக்கு எந்த வருடம் எந்த வார்டு என்று பட்டியல் போட்டு ஒட்டுங்கள். அதுவரை பொதுக் கழிப்பறையும், இரவிலும் எரியும் விளக்கும் கொடுங்கள். நம் பெண்கள் இருட்டுக்குப் பயந்து சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது எந்த மேயருக்கும் பெருமையல்ல.

மூன்றாவது, குழியில் மனிதன் இறங்கக் கூடாது. 2013-ன் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. சாக்கடையில் செத்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நமக்கு இழப்பீடு இலக்கல்ல, உயிர்தான் இலக்கு. யந்திரம் எத்தனை, எங்கே நிற்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் எழுதிப் போடுங்கள். கண்ட்ராக்டர் மீறினால் அவர் பெயரை நீக்குங்கள்.

நாலாவது, தெரு வியாபாரம். தோவாளைப் பூவும், பானையும், தள்ளுவண்டியும் இல்லாமல் இந்த நகரத்தில் ஓணமும் இல்லை, ஆற்றுக்கால் பொங்காலையும் இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் அதே வண்டி 'ஆக்கிரமிப்பு' ஆகிவிடுகிறது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஒருவரையும் கிளப்பக் கூடாது. நகர வியாபாரக் கமிட்டியில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். 2026 ஜனவரி 23-ந் தேதி இதே நகரத்துக்கு வந்த பிரதமர், தெரு வியாபாரிகளுக்குக் கடன் அட்டையைத் தொடங்கிவைத்தார். நல்லது. ஆனால் மாநகராட்சி ஏட்டில் வியாபாரி என்று பெயர் இல்லாத பூக்காரிக்கு அந்த அட்டை எப்படி வரும்? முதலில் சான்றிதழ், பிறகு கடன்.

ஐந்தாவது, மொழி. குழந்தைகள் மலையாளம் படிக்கட்டும்; நாமும் படிப்போம். இந்த மண்ணில் உழைக்கிறவனுக்கு இந்த மண்ணின் மொழி வேண்டும். ஆனால் ஐம்பது வயதுக் கிழவிக்கு வந்த நோட்டீசை அவள் யாரிடம் கொண்டுபோய் வாசிப்பாள்? குறை தீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. கேரளத்தின் 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டமே தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியில் எழுத இடம் தருகிறது. தலைமைச் செயலகம் வாங்கும் தமிழ் மனுவை மாநகராட்சி வாங்கக் கூடாதா? தமிழர் நெருக்கமாக வாழும் வார்டுகளில் தண்ணீர், சுகாதாரம், பள்ளிச் சேர்க்கை அறிவிப்புகளைத் தமிழிலும் ஒட்டினால் கெட்டுப்போவது என்ன?

இதற்கு மூன்று பதில்கள் வரும் என்று தெரியும்.

நீங்கள் வெளியூர்க்காரர்கள் என்பார்கள். இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்திருக்கிறது. 'அதிதித் தொழிலாளி' என்று நமக்கு மரியாதையாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அதிதி என்றால் விருந்தாளி. விருந்தாளியை எந்த வீட்டில் சாக்கடை அள்ளச் சொல்கிறார்கள்? மூன்று தலைமுறையாகச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன் எப்போது விருந்தாளி ஆனான்?

நீங்கள் வரி கட்டுவதில்லை என்பார்கள். வீட்டுக்காரர் கட்டும் வரி நம் வாடகைக்குள் இருக்கிறது. மாதச் சம்பளக்காரன் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி கட்டுகிறான். குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்ணிடம் மாதக் கட்டணம் கொடுக்கிறோம்.

உங்களுக்கு இங்கே வாக்கு இல்லையே என்பார்கள். இதுதான் நாம் யோசிக்க வேண்டிய பதில். நம்மில் எத்தனையோ பேர் வாழ்வது இங்கே, வாக்கு இருப்பது தென்காசியிலோ திருநெல்வேலியிலோ. ஊரில் பெயரை எடுத்தால் ரேஷன் போய்விடும், சொத்து போய்விடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் வேறு, ரேஷன் கார்டு வேறு, பட்டா வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது போகாது. பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள், பத்து வருடமாக இதே சந்தில் குடி என்றால் உங்கள் வாக்கு இங்கேதான் இருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் கமிஷன் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியல் திருத்தும்போது இரண்டிலும் பாருங்கள்.

மூன்று அணியினருக்கும் ஒன்று சொல்கிறோம். ஆள்கிறவர்களுக்கு: எங்களை எந்த மதம், எந்தச் சாதி என்று பிரித்துக் கணக்கெடுக்க வேண்டாம்; எத்தனை வீடு, எத்தனை குழாய் என்று கணக்கெடுங்கள். எதிரில் இருக்கும் இடதுசாரிகளுக்கு: உங்கள் நீண்ட ஆட்சியில் செய்யாமல் விட்டதை இனிக் கேட்கவாவது செய்யுங்கள். காங்கிரஸ் அணிக்கு: இந்த இரண்டு பேர் சண்டையில் வேடிக்கை பார்ப்பது எதிர்க்கட்சி வேலை ஆகாது.

நமக்கு நாமே சொல்வது இது. சந்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீடு, தலை, குழாய், கக்கூஸ், பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்தாவது படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். அதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். அந்தச் சந்தில் குடியிருக்கும் மலையாளித் தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடை பெருகினால் அவன் வீட்டிலும்தான் தண்ணீர் ஏறுகிறது. எந்த வார்டில் மனு வாங்கினார்கள், எந்த வார்டில் வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். வார்டு வாரியாக இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம்.

2030 டிசம்பரில் இந்தச் சபை மறுபடி வாக்குக் கேட்டு வரும். அன்று நம் கையில் மாலை இருக்கக் கூடாது. கையெழுத்தும் தேதியும் போட்ட அந்த நோட்டு இருக்க வேண்டும்.