தொலேதோவில் நாம் காணாமல் வருவது

பாத்திமா, லூர்து, அவிலா என ஐரோப்பியத் திருத்தலங்களை நாடிச் செல்லும் தமிழ்க் கத்தோலிக்கரின் பயணத் திட்டங்களில், 'தொலேதோ: அரை நாள்' என்று ஒரு வரி இடம்பெறுவதுண்டு. ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டிலிருந்து அந்நகர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. விரைவு இரயிலில் அரைமணி நேரப் பயணம். தாகுஸ் ஆறு மூன்று புறமும் வளைந்தோட, குன்றின்மேல் நெருங்கி நிற்கும் பழம்பெரும் நகர் அது. 1986இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. காலையில் சென்று இறங்குகிறோம். ஆற்றின் அக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பேராலயத்தை ஒருமுறை சுற்றுகிறோம். எல் கிரேக்கோவின் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்கிறோம். வாதுமை இனிப்பும் சிறு வாள் ஒன்றும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் மாட்ரிட் திரும்பிவிடுகிறோம். ஊர் வந்ததும், "என்னே நம் திருச்சபையின் மாட்சி!" என்று பங்கு மக்களிடம் வியந்து பேசுகிறோம்.

இவ்வாறு தொலேதோவைக் கண்டு வருவதைவிடக் காணாதிருப்பதே மேல் எனக் கூறத் துணிகிறோம். திருமுழுக்குப் பெற்ற மனிதனைப் பார்த்து, "உன் இரத்தம் எது? உன் பாட்டன் யார்?" என்று திருச்சபையின் மக்களே கேட்டு, அக்கேள்வியைச் சட்டமாகவும் எழுதி வைத்த நகரம் அது. சாதி என்னும் நோயைப் பீடம்வரை சுமந்து வந்திருக்கும் நாம், அந்நகரின் தெருக்களில் நடந்துவிட்டு இதனை மட்டும் காணாமல் திரும்புவோமாயின், நம் பயணம் திருப்பயணம் ஆகாது.

பேராலயத்தின் இரு முகங்கள்

பேராலயத்திலிருந்தே தொடங்குவோம். 1226இல் தொடங்கி 1493வரை எழுப்பப்பட்ட மாபெரும் கோயில் அது. என்ரிக்கே தெ அர்பே 1515 முதல் 1524 வரை உழைத்து உருவாக்கிய கதிர்ப்பாத்திரத் தேர் அங்குள்ளது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள இத்தேர், ஆண்டவரின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவில் நற்கருணையுடன் வீதிகளில் பவனி வரும். இதைக் கண்டு உள்ளம் உருகாத கத்தோலிக்கர் இரார். அவ்வுருக்கத்தை நாம் பழிக்கவில்லை.

ஆனால், அப்பேராலயம் நிற்கும் நிலத்தில் முன்னர் நின்றது நகரின் பெரிய பள்ளிவாசல். 1085இல் நகரைக் கைப்பற்றிய மன்னர் ஆறாம் அல்போன்சோ, அப்பள்ளிவாசல் இஸ்லாமியரிடமே இருக்கும் என வாக்களித்திருந்தார். மன்னர் நகரில் இல்லாத வேளையில் பேராயர் பெர்னார்டு, அரசியின் துணையோடு அதனைக் கைப்பற்றிக் கோயிலாக்கினார் என்று மரபு வரலாறு கூறுகிறது. தம் வாக்குப் பொய்த்ததைக் கேட்டு வெகுண்டு விரைந்து வந்த மன்னரை வழியில் எதிர்கொண்டு, குற்றவாளிகளை மன்னிக்குமாறு மன்றாடியவர் ஓர் இஸ்லாமியச் சட்ட அறிஞராம். அவருடைய சிலை இன்றும் அப்பேராலயத்தின் முதன்மைப் பீடப் பகுதியில் நிற்கிறது. கிறிஸ்தவர் வாக்கை மீற, இஸ்லாமியர் ஒருவர் மன்னிப்பைக் கற்பித்தார் என்பதற்குச் சான்றாகப் பீடத்தருகே ஒரு சிலை! நம்மவருள் எத்தனை பேர் அதன் முன் நின்றிருக்கிறோம்?

இப்பேராலயத்தின் வரலாற்றில் இதனினும் கொடிய ஓர் ஏடு உண்டு. 1391இல் ஸ்பெயின் நகர்கள் பலவற்றில் யூதர் கொலையுண்டனர். தொலேதோவும் அதற்கு விலக்கன்று. உயிருக்கு அஞ்சிப் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாறு மறைக்குள் கொணரப்பட்டவரின் மக்களையும் பேரரையும் 'புதிய கிறிஸ்தவர்' என்று தனித்து நிறுத்தினர் 'பழைய கிறிஸ்தவர்'. 1449இல் தொலேதோவில் எழுந்த கலகத்தின்போது, யூத வழிவந்த கிறிஸ்தவர் எவரும் நகரில் பொதுப்பதவி வகிக்கலாகாது, சான்று கூறலாகாது என்று விதி செய்யப்பட்டது. 'இரத்தத் தூய்மை' என்னும் கொள்கைக்குச் சட்ட வடிவம் தந்த முதல் விதிகளுள் இது ஒன்று. அதே ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதனைக் கண்டித்தார். திருமுழுக்குப் பெற்றோரிடையே வேற்றுமை கற்பிப்பது தவறு என்பதே அவர் நிலை.

திருத்தந்தையின் கண்டனம் ஒரு நூற்றாண்டுக்குள் மறக்கப்பட்டது. 1547இல் பேராயர் சிலிசேயோ, தொலேதோ பேராலயக் குருக்கள் குழுவில் யூத அல்லது இஸ்லாமிய வழிவந்த எவரும் இடம்பெறலாகாது என்று விதி வகுத்தார். குழுவிலேயே எதிர்ப்பு எழுந்தும் விதி நிலைத்தது. 1555இல் திருத்தந்தை நான்காம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அடுத்த ஆண்டு மன்னர் இரண்டாம் பிலிப்பும் ஏற்றார். ஒரு திருத்தந்தை பழித்ததை மற்றொரு திருத்தந்தை ஏற்றார் என்பதை மறைப்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதே பேராலயத்தின் சக்ரீஸ்து அறையில், எல் கிரேக்கோ 1577 முதல் 1579 வரை தீட்டிய 'ஆடை களையப்படும் கிறிஸ்து' இருக்கிறது. செந்நிற அங்கியில், கூட்டத்தின் நடுவே, வான்நோக்கிய விழிகளுடன் ஆண்டவர் நிற்கிறார். கூட்டத்தாரின் தலைகள் கிறிஸ்துவின் தலைக்கு மேலாக எழுதப்பட்டது முறையன்று எனக் குறைகூறி, ஓவியர் தரப்பு கேட்ட விலையைப் பேராலயத்தார் வெகுவாகக் குறைத்தனர். தலைகளின் உயரத்தை அளந்த அப்பெருமக்கள், தம் குழுவின் இரத்த விதியை அளக்கத் தவறினர். குருக்கள் திருவுடை அணியும் அறையில், ஆடை களையப்படும் ஆண்டவர் தொங்குகிறார். இதைவிட உரத்த மறையுரை ஏது?

வெண்சுவர்களும் ஒரு வேண்டுகோளும்

யூதர் வாழ்ந்த பகுதியில் இரு தொழுகைக்கூடங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, அரச கருவூலத் தலைவர் சாமுவேல் ஹலேவி 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பியது. அது இன்று ஸ்பெயின் யூதரின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம். மற்றொன்றின் பெயரே நம்மைத் திடுக்கிடச் செய்யும்: 'வெண்ணிறப் புனித மரியா'. லாட வடிவ வளைவுகளும் வெண்தூண்களுமாக ஐந்து வரிசையில் விரியும் அக்கூடம், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலாக்கப்பட்டது. நம்மவர் பக்தியோடு வணங்கும் புனித வின்சென்ட் பெரர் 1411இல் தொலேதோவில் ஆற்றிய மறையுரைகளோடு இம்மாற்றத்தை மரபு இணைக்கிறது. இன்றும் அக்கட்டடம் தொலேதோ உயர்மறைமாவட்டத்தின் உடைமை. கட்டணம் செலுத்திப் பார்க்கும் நினைவிடம். நல்லிணக்கத்தின் அடையாளமாக அதனைத் திருப்பித் தருமாறு 2017இல் ஸ்பெயின் யூத சமூகத்தார் கேட்டனர். அது திருப்பித் தரப்படவில்லை. பிறர் செபித்த இடத்தில், அன்னையின் பெயரால் நுழைவுச்சீட்டு விற்கப்படுவது அன்னைக்கு உவப்பானதா என்ற கேள்வியை, அங்குச் செல்லும் அன்பர்கள் தம் மனத்தில் எழுப்பிக்கொள்வார்களாக.

புனிதரின் குருதி

இனி நம் புனிதர்களிடம் வருவோம். அவிலாவின் புனித தெரேசாவின் பாட்டனார் ஹுவான் சாஞ்செஸ் தொலேதோ வணிகர், யூத மரபினர். 1485இல் தொலேதோவின் விசாரணை மன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. வெள்ளிக்கிழமைதோறும், ஏழு வாரங்கள், அவமான அங்கி அணிந்து அவர் நகரின் கோயில்களுக்கு ஊர்வலமாக நடத்திச் செல்லப்பட்டார். குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய பேத்தி 1569இல் அதே நகருக்குக் கன்னியர் மடம் நிறுவ வந்தார். மடத்திற்குப் பொருள் தர முன்வந்தவர்கள் உயர்குடியினர் அல்லர், வணிகக் குடும்பத்தினர். இத்தகையோருக்கா மடத்துக் கோயிலில் கல்லறை உரிமை எனப் பெரியோர் முகம் சுளித்தனர். கடவுளின் தீர்ப்பில் குலமும் பட்டமும் எவ்வளவு அற்பமானவை என ஆண்டவரே தமக்கு உணர்த்தியதாகத் தெரேசா எழுதி வைத்துள்ளார். சிலிசேயோவின் விதி ஆண்களின் குழுவுக்கானது. எனினும் அதன் அளவுகோலால் அளந்தால் தெரேசாவும் தகுதியற்றவரே. அவரைத்தான் 1970இல் திருச்சபை தன் மறைவல்லுநர் என அறிவித்தது.

புனித சிலுவை அருளப்பரின் வரலாறும் இவ்வாறே. அவருடைய தந்தை ஏழை நெசவுப் பெண்ணை மணந்ததற்காக உறவினரால் ஒதுக்கப்பட்டவர். மகனோ, கார்மேல் சபையைச் சீர்திருத்த முனைந்ததற்காகத் தம் சபைச் சகோதரராலேயே 1577 டிசம்பரில் கைது செய்யப்பட்டுத் தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைக்கப்பட்டார், சாட்டையடிக்கும் ஆளானார். 1578 ஆகஸ்டில் தப்பும்வரை அவர் அங்கிருந்தார். உலகம் போற்றும் அவருடைய ஆன்மீகக் கவிதைகள் சில அச்சிறையிலேயே பிறந்தன. அதே மாதங்களில், அதே நகரில், எல் கிரேக்கோ ஆடை களையப்படும் கிறிஸ்துவை வரைந்துகொண்டிருந்தார்! அச்சிறை இருந்த மடம் இன்றில்லை. கூட்டம் பேராலயத்துப் பொன்னை நோக்கிச் செல்கிறது.

எதற்கு இந்தப் பழைய கதை?

"என்றோ நடந்த பாவங்களைக் கிளறுவானேன்? திருச்சபையைப் பழிப்போர்க்கு அது தீனியாகாதா?" என்று சிலர் வினவலாம். 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். இஸ்ரயேல் மக்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கும் அவற்றுள் ஒன்று. திருத்தந்தை வாய்விட்டு அறிக்கையிட்டதை நாம் வாய்மூடி மறைப்பது எந்த வகைப் பக்தி?

"அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தனர்" என்பாரும் உளர். எல்லாரும் அப்படியிருக்கவில்லை. ஐந்தாம் நிக்கோலாஸ் அப்படியிருக்கவில்லை. புனித இஞ்ஞாசியார் அப்படியிருக்கவில்லை; யூத வழிவந்தோரைத் தம் சபையில் தடையின்றி ஏற்றார். அவருக்குப்பின் சபைத் தலைவரான தியேகோ லைனஸ் யூத மரபினரே. இது காரணமாகவே சிலிசேயோ இயேசு சபையை வெறுத்தார். பின்னர் 1593இல் அச்சபையும் தளர்ந்து இரத்தத் தடையை ஏற்றது. 1946இல்தான் அது முற்றாக நீக்கப்பட்டது.

இங்கேதான் தமிழர் நம் கதையும் தொடங்குகிறது. அண்ட்ரிக் அடிகளார் போர்ச்சுக்கல் நாட்டவர், யூத மரபினர். அக்காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தவர். 1545இல் இஞ்ஞாசியாரின் சபை அவரை ஏற்றது. அடுத்த ஆண்டு அவர் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்து, தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் நம் தமிழ் நூல். சிலுவை அருளப்பர் தொலேதோச் சிறையிலிருந்து தப்பிய அதே ஆண்டு அது! தொலேதோவின் இரத்த விதியை இஞ்ஞாசியாரும் ஏற்றிருந்தால், அந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா? 'தூய்மையற்ற' குருதியுடைய ஒருவர் தந்த செபங்களையன்றோ நம் முன்னோர் அச்சில் முதலில் வாசித்தனர்!

போர்த்துக்கீசியர் நம் நாட்டுப் பிரிவினைகளைக் கண்டபோது, குலத்தையும் வமிசத்தையும் குறிக்கும் தம் 'காஸ்தா' என்ற சொல்லையே அவற்றுக்குச் சூட்டினர். ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் சொல் அதிலிருந்து வந்ததே. தம் ஊரில் கண்ட நோயை அவர்கள் இங்கே எளிதில் அடையாளம் கண்டுகொண்டனர் போலும்! நாமோ அவர்கள் ஊருக்குச் சென்றும் நம் நோயை அடையாளம் காண மறுக்கிறோம்.

கடைசியாக, புனித தோமையார் பங்குக் கோயிலில் எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை தீட்டிய 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்னும் ஓவியத்தின் முன் நிற்போம். 1323இல் இறந்த அப்பிரபு, ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் ஆடும் கோழியும் திராட்சை இரசமும் விறகும் பணமும் இப்பங்கின் பணியாளர்க்கும் ஏழைகளுக்கும் வழங்க வேண்டுமென எழுதி வைத்திருந்தார். ஊரார் கொடுப்பதை நிறுத்தினர். பங்குத் தந்தை வழக்காடி 1569இல் வென்றார். அதன்பின் எழுந்ததே இவ்வோவியம். அடக்கத்தின்போது புனித ஸ்தேவானும் புனித அகுஸ்தினாரும் விண்ணின்று இறங்கி, தம் கைகளாலேயே அவரைக் கல்லறையில் வைத்தனர் என்பது மரபு. ஏழைகளை மறவாதவனை அடக்கம் செய்யப் புனிதரே வருவர் என்பதே இவ்வோவியத்தின் போதனை.

இப்போது நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களை நினைத்துப் பார்ப்போம். ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்தவர்களை, இறந்த பின்னரும் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பிய தோட்டங்கள் நம்மிடையே உண்டு. தேர் எந்தத் தெரு வழியாகச் செல்லலாம், எந்தத் தெருவில் நுழையலாகாது என வழக்காடும் பங்குகள் உண்டு. குருத்துவத் திருநிலைப்பாட்டின் செய்தி கேட்டதும், "எந்தச் சாதி?" என்று முதலில் வினவும் நாவும் உண்டு. பெயரும் மொழியும் வேறேயன்றி, சிலிசேயோவின் விதி நம்மிடையே இன்றும் உயிரோடிருக்கிறது. அவராவது அதனை எழுதி வைத்து, பின்வருவோர் பழிக்க இடம் தந்தார். நாமோ எழுதாமலே கடைப்பிடிக்கிறோம்.

தொலேதோவுக்குச் செல்ல வேண்டாமென நாம் கூறவில்லை. முழுநாள் செல்லுங்கள். கதிர்ப்பாத்திரத் தேரின் முன் முழந்தாளிடுங்கள். பின் அந்த இஸ்லாமிய அறிஞரின் சிலை முன்னும் சற்று நில்லுங்கள். வெண்தூண்களின் நடுவே படம் எடுக்குமுன் ஒரு நிமிடம் மௌனமாய் இருங்கள். தெரேசாவின் பாட்டனார் அவமான அங்கியோடு நடந்த தெருக்கள் இவை என்பதை உடன் வருவோருக்குச் சொல்லுங்கள். ஆனால், பங்கிலிருந்து குழுவாகப் புறப்படுவோர், கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் ஆயத்தமானதும் இன்னுமொரு வேலையை முடிக்கட்டும்: தம் கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய சுவர் இருக்குமாயின், அதனை இடித்துவிட்டுப் புறப்படட்டும்.