உத்தரவைக் காட்டாமல் முடக்காதீர்கள்

1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட ஜோக்தான் குற்றம். அநியாயமான தண்டனை, ஆனால், எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. எந்த ஜோக், யார் போட்ட தீர்மானம் என்பது டீக்கடை வரை தெரிந்தது. அதனால்தான் எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களில் அவர் வெளியே வந்தார். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடும் அளித்தது. 38 ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 15 அன்று, விகடன் இணையதளம் வாசகர்கள் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம் அது. டிரம்ப் அருகே பிரதமர் மோடி சங்கிலியுடன் அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் கார்ட்டூன் வெளியிட்டிருந்தது, அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை அதன் மீது புகார் கொடுத்திருந்தார். தளம் முடங்கிய பிறகுதான் மத்திய அரசின் நோட்டீஸ் வந்தது. இம்முறை யாரும் சிறைக்குப் போகவில்லையே, அந்த அளவில் முன்னேற்றம்தானே என்று சிலர் கேட்கலாம். திறக்காத பக்கத்தின் முன் உட்கார்ந்திருந்த வாசகருக்கு, இது அரசின் வேலையா, நெட் கோளாறா என்பதே தெரியவில்லை.

அரசுக்கு இணையத்தில் எதையுமே தடுக்கும் உரிமை கூடாது என்பதல்ல என் வாதம். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளை உடனே நீக்கத்தான் வேண்டும். சிக்கல் ரகசியத்தில் இருக்கிறது. இணையப் பக்கங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்ததற்குக் காரணமே அதிலுள்ள பாதுகாப்புகள்தான்: தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்படுபவர் தரப்பைக் கேட்க வேண்டும், உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி இருக்க வேண்டும். ஆனால், அந்தப் பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. கையில் கிடைக்காத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது? வரதட்சிணையைக் கிண்டல் செய்த ஒரு நையாண்டித் தளம் 2018இல் முடக்கப்பட்டது. அதை நடத்தியவருக்கு உத்தரவின் நகலைக் கொடுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022இல். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவராக இருந்திருந்தால் அந்த நகலும் கிடைத்திருக்காது.

வதந்தி கலவரமாக மாறும் நேரத்தில் விசாரணை நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அவசரம் வேறு, ரகசியம் வேறு. அவசரத்துக்கென்று அதே விதிகளில் தனி வழி உண்டு. முதலில் தடுத்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் தடைக் கோரிக்கைகளை ஆராயும் குழுவின் முன் வைக்கலாம். தடுத்த மறுநாள் காரணத்தைச் சொல்வதால் எந்தக் கலவரமும் மூளப்போவதில்லை. உத்தரவை வெளியிட்டால் தடுத்த விஷயத்துக்கே விளம்பரமாகிவிடும் என்பது இன்னொரு வாதம். பக்கத்தின் முகவரியை மறைத்துவிட்டுச் சட்டப் பிரிவையும் காரணத்தையும் வெளியிடலாமே. ரகசியமாக முடக்கினால் மட்டும் விளம்பரம் கிடைக்காமல் போகிறதா என்ன? விகடனின் கார்ட்டூனைப் பார்த்திராதவர்களையும் பார்க்க வைத்தது அந்த முடக்கம்தான்.

விகடன் வழக்கில் 2025 மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. முதலில் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பக்கத்தின் மீதான புகாருக்காக மொத்தத் தளத்தையும் மூடியது அளவு மீறிய செயல் என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால், அந்தக் கார்ட்டூன் சட்டவிரோதமா என்று தீர்ப்பாவதற்கு முன்பே அதை நீக்க வேண்டி வந்தது அரசுக்குக் கிடைத்த லாபம்தான். 2020இல் அனுராதா பாசின் வழக்கில், இணைய சேவையை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தும்போது வெளியிட வேண்டிய உத்தரவை, ஒரு தளத்தை முடக்கும்போது மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? 16ஆவது விதியை மத்திய அரசு நீக்க வேண்டும். அதைக் கேட்டு நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்ப வேண்டும்.