விரல் வேகத்தை அளக்காதீர்கள், பாடலைக் கேளுங்கள்



‘ராக் இசையில் தலைசிறந்த கலைஞர் யார்?’ என்று படிநிலை இரண்டு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யார் மிக விரைவாகக் கிட்டார் வாசிக்கிறாரோ அவரே என்பான் ஒருவன். வலையொளியில் யாருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை மிகுதியோ அவரே என்பான் மற்றொருவன். பெற்றோரிடம் கேட்டால் விடை வேறு: முறையாகப் பயின்று எட்டாம் கிரேடு தேறியவரே இசைஞர், முடியை நீளமாக வளர்த்துக்கொண்டு கூச்சலிடுபவர்களெல்லாம் இசைஞர்களா என்பார்கள். ஆசிரியர் அறையிலோ, ‘அஃது அவரவர் சுவையைப் பொறுத்தது, இதில் வாதிட என்ன இருக்கிறது?’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்த விடைகளுள் ஒன்றுகூடச் சரியானதன்று என்பதே என் வாதம். இதற்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். நாம் கலைஞனை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ, அதே அளவுகோலைக் கொண்டுதான் நம் பிள்ளைகளையும் அளக்கிறோம். இசைப்பாடத்தில் ரெக்கார்டர் ஊதும்போது விரல் தடுமாறும் பிள்ளையை நோக்கி, ‘உனக்கு இசை வராது’ என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! பத்து அகவையில் எழுதப்படும் அந்தத் தீர்ப்பைப் பலர் வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றனர். அளவுகோல் பிழையானால் தீர்ப்பும் பிழையாகும்.

நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே. அந்தக் கலைஞரைப் பாடலிலிருந்து நீக்கிவிட்டால் அந்தப் பாடல் எதை இழக்கும்? இழப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரியவர் அவர். விரல் வேகம், பட்டம், புகழ், தோற்றம் எல்லாம் இதற்குப் பிறகே.

முதலில் விரல் வேகத்தைப் பார்ப்போம். பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார். ஆறு அகவையில் கடுமையான வயிற்று நோய்க்கு ஆளாகி நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். பதின்மூன்று அகவையில் காசநோய் தாக்கி மீண்டும் மருத்துவ இல்லத்திற்குச் சென்றார். படிப்பில் மிகவும் பின்தங்கினார். நோயாளிச் சிறுவர்களுக்காக அங்கு நடத்தப்பட்ட இசை வகுப்பில்தான் தாளக் கருவியின்மேல் அவருக்குப் பற்று பிறந்தது. இடக்கைப் பழக்கம் உடையவர். ஆயினும் வலக்கையாளருக்காக அமைக்கப்பட்ட டிரம்ஸ் தொகுதியையே வாசித்தார். அதனால் அவருடைய கைகள் பிறர் செல்லும் வழியில் செல்லவில்லை. தாளமும் புது வழியில் நடந்தது. 1965-இல் வெளிவந்த ‘டிக்கெட் டு ரைடு’, 1969-இல் வெளிவந்த ‘கம் டுகெதர்’ ஆகிய பாடல்களைக் கேளுங்கள். தாளத்தின் முதல் சில தட்டுகளிலேயே பாடலின் பெயரைச் சொல்லிவிடலாம். தனியாவர்த்தனம் போல் டிரம்ஸ் மட்டும் ஒலிப்பதை அவர் விரும்பியதில்லை. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் அவர் அவ்வாறு வாசித்தது 1969-இல் வந்த ‘தி எண்ட்’ என்னும் ஒரே பாடலில்தான். அதுவும் சில நொடிகளே. விரைவாக வாசிக்கும் போட்டி வைத்தால் அவரை வெல்ல ஆயிரம் பேர் உண்டு. அந்த ஆயிரம் பேரில் யாரை அவர் இடத்தில் அமர்த்தினாலும் அந்தப் பாடல்கள் அந்தப் பாடல்களாக இரா.

தவில், மிருதங்கம் வாசிப்பவர்களை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. பாடுபவரின் மூச்சறிந்து வாசிக்கும் பக்கவாத்தியக்காரரை நாம் தலைவணங்கிப் போற்றுவதில்லையா? ராக் இசை என்றவுடன் மட்டும் அந்த அறிவை ஏன் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்?

இன்னொருவரைக் காட்டுகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த டோனி அயோமி, பதினேழு அகவையில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த வேலையின் இறுதி நாளில் இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையாளர், ஆதலால் கிட்டாரின் தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே போய்விட்டன. நெகிழிப் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். தடித்த தந்திகள் வலித்ததால் மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பின்னர், 1971 முதல், தந்திகளின் இழுவையைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கிக்கொண்டார். அதனால் ஒலி கனத்தது, இருண்டது. 1970-இல் ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, பின்னாளில் ‘ஹெவி மெட்டல்’ என வழங்கப்பட்ட இசைவகை பிறந்துவிட்டது. விரல் வேகம்தான் அளவுகோல் என்றால், அந்த விபத்து நிகழ்ந்த நாளிலேயே அவர் தோற்றுப்போயிருக்க வேண்டும். மாறாக, முழு விரல்கள் உடைய பல்லாயிரம் பேர் இன்றளவும் அவருடைய ஒலியைப் பின்பற்றுகின்றனர். 2025-ஆம் ஆண்டு சூலையில், எழுபத்தேழு அகவையில், அதே பர்மிங்காமில் தம் குழுவின் இறுதி நிகழ்ச்சியில் அவர் வாசித்தார்.

‘அப்படியானால் பயிற்சியே வேண்டாவா?’ என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1960 முதல் 1962 வரை செருமனியின் ஆம்பர்க் நகர விடுதிகளில் இரவுதோறும் பல மணி நேரம் வாசித்து உரம் பெற்றவர்கள். பயிற்சி இன்றிக் கலை இல்லை. பாடலுக்கு என்ன வேண்டுமோ அதைக் கைகள் செய்யவேண்டும், அதற்கே பயிற்சி. பயிற்சியைக் காட்சிப்பொருளாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அடுத்து, கிரேடு சான்றிதழ். இங்குப் பெற்றோர் சற்றுப் பொறுமையாகக் கேட்கவேண்டும். பீட்டில்ஸ் நால்வரில் ஒருவருக்கும் இசைக்குறியீடுகளைப் படிக்கவோ எழுதவோ தெரியாது. அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முறையாக இசைக்கல்வி பெற்றவர். தந்திக்கருவிகள் வேண்டியபோது குறியீட்டில் எழுதித் தந்தவர் அவரே. குவீன் குழுவின் பிரெட்டி மெர்க்குரி, சான்சிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து, இந்தியாவின் பஞ்சகனியில் பள்ளிக்கல்வி பயின்றவர். பியானோவில் அவர் எட்டியது நான்காம் கிரேடு. ‘போகிமியன் ராப்சடி’யை எழுதியவரும் அதில் பியானோ வாசித்தவரும் அவரே. நான்காம் கிரேடோடு நின்ற பிள்ளையைப் பற்றி உறவினரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அதே குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, 2007-இல் விண்ணியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். இதைக் கேட்டவுடன் நம் முகம் மலர்கிறது. ‘பாருங்கள், படித்தவர்!’ என்று பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுகிறோம். அந்தப் பட்டம் போற்றத்தக்கதே. ஆனால், அவரைச் சிறந்த இசைக்கலைஞராக்கியது அதுவன்று. 1963-இல் தொடங்கி, தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே தம் கிட்டாரைச் செய்தவர் அவர். பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம், மோட்டார் சைக்கிளின் சுருள்வில், தாயாரின் பின்னல் ஊசி ஆகியவையெல்லாம் அந்தக் கிட்டாரில் உறுப்புகளாயின. அந்தக் கருவியின் ஒலி வேறெவரிடமும் இல்லை. நாம் பிள்ளைக்குக் காட்டவேண்டிய பாடம் இங்கு இருக்கிறது: மகனுடைய ஆர்வத்திற்காக ஒரு தந்தை தம் மாலைப்பொழுதுகளைக் கொடுத்தார். கட்டணம் செலுத்திப் பிள்ளையை வகுப்பு வாசலில் இறக்கிவிடுவதும் இதுவும் ஒன்றாகுமா?

மூன்றாவதாக, புகழும் தரவரிசைப் பட்டியல்களும். சிசுட்டர் ரொசெட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி, ராக் இசை என்னும் பெயர் பரவுவதற்கு முன்பே, மின்கிட்டாரை ஏந்தி இறைப்பாடல்களைத் துள்ளலோடு இசைத்தவர். லிட்டில் ரிச்சர்டு, ஜானி கேஷ் முதலியோர் தமக்கு ஊக்கம் அளித்தவராக அவரைப் போற்றினர். அவர் மறைந்தது 1973-இல். கல்லறையில் பல்லாண்டுகள் பெயர்க்கல்கூட இல்லை. அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்மன்றம் 1986 முதல் கலைஞர்களைச் சிறப்பித்து வருகிறது. தார்ப் அம்மையாருக்கு இடம் கிடைத்தது 2018-இல்தான். அந்த ஆண்டில்தான் அவர் சிறந்த கலைஞரானாரா? பட்டியல் பிந்தியது, அவ்வளவே. பார்வையாளர் எண்ணிக்கையும் இத்தகையதே. எத்தனை பேர் பார்த்தனர் என்பதை அது சொல்லும். என்ன கேட்டனர் என்பதைச் சொல்லாது.

தோற்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1972-இல் லெட் செப்பலின் குழுவினர் நீண்ட முடி வைத்திருந்ததால் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்த இயலாமற்போனது. நம் நாட்டிலும் 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடம் மறுக்கப்பட்டது. அந்த முடிகள் எப்போதோ வெட்டப்பட்டும் நரைத்தும் போயின. ‘செர்ச்’ குழுவின் 1989-ஆம் ஆண்டுப் பாடலான ‘இசபெல்லா’வோ இன்றும் பாடப்படுகிறது.

பெற்றோரின் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை மறைக்கமாட்டேன். போதையும் குடியும் இத்துறையில் பலரைத் தின்றுவிட்டன. ஜிமி எண்ட்ரிக்சு 1970-இல் இருபத்தேழு அகவையில் மறைந்தார். லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் 1980-இல் மிகுதியாகக் குடித்து முப்பத்திரண்டு அகவையில் இறந்தார். இதை வீரமாகவும் கலைஞனின் இலக்கணமாகவும் பேசும் இளைஞர்களைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. போதை அவர்களுக்கு இசையைக் கொடுக்கவில்லை. அவர்கள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் தந்திருக்கக்கூடிய இசையை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

போனம் இறந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உலகின் எந்த டிரம்ஸ் கலைஞரை அழைத்தாலும் ஓடிவந்திருப்பார். அக்குழுவினர் எவரையும் சேர்க்கவில்லை. அவ்வாண்டு திசம்பரில், தாங்கள் முன்போல் தொடர இயலாது என்று அறிவித்துக் குழுவையே கலைத்துவிட்டனர். நான் முன்வைத்த அளவுகோலை அந்த மூவரும் தங்கள் வாழ்விலேயே பயன்படுத்திக் காட்டினர்.

இறுதியாக, ‘எல்லாம் அவரவர் சுவை’ என்போருக்கு ஒரு சொல். எனக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பது சுவை. ஏன் சிறந்தது என்று காரணம் காட்டுவது மதிப்பீடு. முதலாவதற்குக் கல்வி வேண்டியதில்லை. இரண்டாவதைக் கற்பிக்கத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. கவிதை நயத்தை விளக்குமாறு மாணவனைக் கேட்கும் நாம், பாடலின் நயத்தை விளக்கச் சொன்னால் மட்டும் ‘அது சுவை’ என்று கை கழுவலாமா?

ஆசிரியர்களே, அடுத்த இசை வேளையில் ஒரு பாடலை மூன்று முறை ஒலிக்கவிடுங்கள். முதல் முறை குரலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை தாளத்தை. மூன்றாம் முறை பேஸ் கிட்டாரை. பிறகு, ‘இவர்களில் யாரை நீக்கினால் பாடல் சரிந்துவிடும்? ஏன்?’ என்று கேளுங்கள். விரல் தடுமாறும் பிள்ளை அப்போது மிக நுட்பமான விடை சொல்லக்கூடும். பெற்றோர்களே, கோயில் திருவிழாவில் உங்கள் மகன் உருமி மேளம் வாசித்து வந்தாலும், மகள் கிட்டாரோடு அறைக்குள் அமர்ந்திருந்தாலும், எத்தனையாவது கிரேடு என்று கேட்பதற்கு முன் ஒரு முழுப் பாடலை அமர்ந்து கேளுங்கள். அதற்கு நான்கு நிமிடங்கள் போதும்.